ராத்திரியில் யார் அரைப்பது?

முதலில் எலி என்றுதான் நினைத்தேன்.

குன்றத்தூரில் என் தங்கை வீடு. மொட்டைமாடிக்குப் போனால் மலைமேல் முருகன் கோயில் விளக்கு தெரியும். நாலு நாள் தங்கலாம் என்று போயிருந்தேன். கூடத்தில் பாய் விரித்து நடுவில் நான். ஒரு பக்கம் பெரியவள், ஆறாம் வகுப்பு. மறுபக்கம் சின்னவன், இரண்டாம் வகுப்பு. நள்ளிரவு தாண்டியிருக்கும். தெருமுனையில் கம்பெனி பஸ் நின்று கிளம்பிய சத்தம். கேட் திறந்தது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்துவிட்டார். சமையலறை விளக்கு எரிந்தது. தட்டு வைக்கும் ஓசை, தண்ணீர் ஊற்றும் ஓசை. கொஞ்ச நேரத்தில் என் காதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓசை.

நற... நற... நற.

மண்சட்டியை ஆணியால் சுரண்டினால் எப்படி இருக்கும்? அப்படி. அரிசி மூட்டைக்குள் எலி புகுந்துவிட்டது என்று எழுந்து போன் வெளிச்சத்தில் தேடினேன். மூட்டை பத்திரமாக இருந்தது. திரும்பினால், சத்தம் சின்னவனிடமிருந்து வருகிறது. நல்ல தூக்கம். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கன்னத்தின் ஓரம் மட்டும் உருண்டு உருண்டு அடங்கிக்கொண்டிருந்தது. பல்லால் பல்லை அரைத்துக்கொண்டிருந்தான்.

காலையில் இட்லித் தட்டைச் சுற்றி விசாரணை நடந்தது.

"வயித்துல பூச்சி. வேற என்ன? எங்க காலத்துல வேப்பங்கொழுந்து அரைச்சுக் குடுத்தா ரெண்டு நாள்ல நின்னுடும்" என்றார் ஆயா.

"ஸ்கூல்ல யார்கூடவோ சண்டை போட்டிருக்கான். கோவத்தை உள்ளேயே வச்சிருக்கான்" என்றாள் தங்கை.

"பேய்க் கனவு, மாமா" என்றாள் பெரியவள்.

குற்றவாளி மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நான் ஒண்ணும் கடிக்கல!"

அவன் பொய் சொல்லவில்லை. தூக்கத்தில் பல் அரைப்பவருக்கு அது தெரியவே தெரியாது. தெரிவதெல்லாம் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான். தனியறையில் தூங்கும் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருந்து, ஒருநாள் பல் மருத்துவர் சொன்ன பிறகுதான் அறிந்துகொள்கிறார்கள்.

தங்கை சொன்ன கோபக் கதைக்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பல்லை நறநறவென்று கடித்தான்' என்று படித்ததும் நம் கண்முன்னே வருபவர் மீசை துடிக்கும் வில்லன்தான். தமிழில் அந்த ஓசை கோபத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மருத்துவத்தில் இதற்குப் பெயர் பிரக்ஸிசம். அதுவும் பல்லைக் கடிப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. 1907-ல் மேரி பியட்கியவிச் என்பவர் பிரெஞ்சு மொழியில் எழுதியபோது, 'பல் கடிக்கும் பைத்தியம்' என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்தார். பாவம், நம் சின்னவன்! கோபமும் இல்லை, பைத்தியமும் இல்லை. தூங்கினான், அவ்வளவுதான்.

சரி, ஒரு சோதனை செய்து பார்ப்போம். உங்கள் இரண்டு கைவிரல்களையும் காதுக்குக் கீழே, தாடை எலும்பு வளைகிற இடத்தில் வையுங்கள். பல்லை இறுகக் கடியுங்கள். விரலுக்கடியில் ஏதோ கோலிக்குண்டுபோல் எழும்புகிறதா? அதுதான் மாசெட்டர் என்ற தசை. அடுத்து விரல்களை நெற்றிப்பொட்டில் வைத்துக் கடியுங்கள். அங்கேயும் துடிக்கும். அது டெம்போராலிஸ். விசிறிபோல் விரிந்து மண்டையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்கப் பல் அரைத்தவர்கள் சிலர் காலையில் 'பொட்டு வலிக்குது' என்று சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். முந்தின நாள் பத்து ரவுண்டு ஓடியவருக்குக் கால் வலிப்பதில்லையா? அதுமாதிரி இவர்களுக்குத் தாடையில் வலி.

இன்னொன்று. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுங்கள். உதடுகள் சேர்ந்திருக்கின்றன. பற்கள்? மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். தாடைக்கு ஓய்வு அதுதான். சாப்பிடுவது, எச்சில் விழுங்குவது எல்லாம் சேர்த்தால்கூட, ஒரு முழு நாளில் நம் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் சுமார் 20 நிமிடம்தான். மீதி இருபத்துமூன்று மணி நாற்பது நிமிடமும் அவை தள்ளித் தள்ளி இருக்க வேண்டியவை. கணக்குப் பரீட்சையிலோ, போனில் கேம் ஆடும்போதோ உங்கள் பல் ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை கவனியுங்கள். ஒட்டியிருந்தால் அது பகல் கடி. கவனித்துவிட்டால் நீங்களே விட்டுவிடலாம். ராத்திரிக் கடி அப்படி அல்ல. அங்கே 'விடு' என்று சொல்ல ஆள் விழித்திருப்பதில்லை.

அப்படியானால் கடி என்று சொல்வது யார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஆய்வாளர்கள் வெகுநாள் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் உரசுகிறது என்றார்கள். பொருத்தம் சரியாக வரட்டும் என்று பல்லின் மேட்டை ராவிக்கூட விட்டார்கள். பிறகு தூங்குபவரின் தலையிலும் தாடையிலும் நெஞ்சிலும் மின்வாய்களை ஒட்டி இரவு முழுவதும் அளந்து பார்த்தபோதுதான் கதை மாறியது. கனடாவின் மான்ட்ரியலில் ஜீல் லவீன் என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதில் நிறையப் பாடுபட்டிருக்கிறார்கள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாலையில் நின்றிருக்கிறீர்களா? தண்ணீர் அசையாமல் கிடக்கும். திடீரென்று ஒரு மீன் மேலே வந்து 'குபுக்'கென்று வாய் வைத்துவிட்டு உள்ளே போய்விடும். நம் தூக்கமும் இப்படித்தான். ஆழத்தில் இருக்கும் மூளை அவ்வப்போது சில நொடிகள் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூழ்கிவிடும். காலையில் நமக்கு அது நினைவிருக்காது. எல்லோருக்கும் ஒவ்வோர் இரவும் பலமுறை நடப்பதுதான்.

பல் அரைப்பு பெரும்பாலும் இந்த 'குபுக்'கை ஒட்டித்தான் வருகிறது. வரிசை எப்படி என்று பாருங்கள். முதலில் மூளையின் அலைகள் வேகமெடுக்கின்றன. அதற்குப் பிறகு இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. பின்னர்தான் தாடைத் தசைகள் இழுக்கின்றன, நொடிக்கு ஒருமுறை என்கிற தாளத்தில். கடைசியாக நம் காதுக்கு வருகிறது அந்த நறநற. ஆகவே பல் இந்த ஊர்வலத்தில் கடைசி ஆள். பல்லைப் பிடித்து விசாரித்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு வேடிக்கை. பல்லே அரைக்காத பெரியவர்களை அளந்து பார்த்தபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாடைத் தசைகளும் தூக்கத்தில் இதே தாளத்தில் லேசாக அசைந்தன. பல் முட்டவில்லை, அதனால் சத்தம் இல்லை. நம் எல்லோரிடமும் இந்த அரவை மெஷின் இருக்கிறது. சிலரிடம் கல்லோடு கல் மோதுகிறது.

மோதினால் லேசாக மோதுவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் தூக்கத்தில் கடிக்கும் விசையை அளந்தார்கள். விழித்திருக்கும்போது முழு மூச்சாகக் கடித்தாலும் எட்டாத அளவைச் சிலர் தூக்கத்தில் எட்டியிருந்தார்கள்! விழித்திருக்கையில் 'போதும், வலிக்கும்' என்று தடுக்கும் காவலாள் தூக்கத்தில் அசந்துவிடுகிறார் போலும்.

இதைச் சொன்னதும் மாப்பிள்ளைக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. இந்தப் பக்கத்து ஊர்களை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரியும் மோட்டார் சைக்கிளும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் என்று எங்கே திரும்பினாலும் தொழிற்சாலை. மாப்பிள்ளைக்குத் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. உலோகத் துண்டு ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் வைத்து அளப்பார். மில்லிமீட்டரெல்லாம் அவருக்கு மிகப் பெரிய அளவு. மைக்ரான்தான் கணக்கு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் ஒரு மைக்ரான்.

"தேய்மானம் எவ்வளவு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பல்லின் வெளியுறை எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். பெரியவர்களின் கடைவாய்ப் பல் மேட்டில் அது சுமார் 2.5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதாவது 2,500 மைக்ரான். சாதாரணமாகச் சாப்பிட்டு வாழ்பவருக்குக் கடைவாய்ப் பல் எனாமல் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மைக்ரான் தேய்கிறது என்று அளந்திருக்கிறார்கள். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை.

பெரியவள் நோட்டை எடுத்துவிட்டாள். 2,500-ஐ 30-ஆல் வகுத்தால்?

"எம்பத்திமூணு வருஷம் சொச்சம், மாமா!"

மாப்பிள்ளை விசிலடித்தார். "இவ்ளோ வாரண்டி எந்தக் கம்பெனி குடுக்கும்?"

ஆனால் ராத்திரியிலும் மெஷின் ஓடினால்? தேய்மானம் நாலு மடங்கு ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 83 ஆண்டு 20 ஆண்டாகிவிடும். எனாமல் போனால் போனதுதான். அதைக் கட்டிய செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வந்ததுமே மறைந்துவிடுகின்றன. நகம் வளரும், முடி வளரும், உடைந்த எலும்புகூடக் கூடும். எனாமல் வளராது. அதற்கு அடியில் இருப்பது டென்டின், மஞ்சள் நிறம், எனாமலைவிட மென்மையானது. அது வெளியே தெரிய ஆரம்பித்தால் ஐஸ்கிரீமும் சூடான ரசமும் சுரீர் என்று ஏறும்.

எலிக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே அது பல்லோடு பல் தேய்த்துக் கூர் பார்த்துக்கொள்வது அவசியமான வேலை. வளர்ப்பு எலிகள் சந்தோஷமாக இருக்கும்போதும் பல்லை அரைக்குமாம். மாடு அரைத்தால் சேதி வேறு. அசை போடுவதை நான் சொல்லவில்லை. வாயில் ஒன்றும் இல்லாமல் பல்லை நறநறத்தால் மாட்டுக்கு எங்கோ வலி என்று கால்நடை மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள்.

ஆயா அம்மிக்கல்லைக் காட்டி ஒன்று சொன்னார். "புது அம்மி சொரசொரன்னு இருக்கும். அரைக்க அரைக்க வழவழன்னு ஆயிடும். அப்புறம் அம்மி கொத்தறவனைக் கூப்பிடணும்." பல் மருத்துவர் கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தேடுவதும் அந்த வழவழப்பைத்தான். சின்னவனை வெளிச்சத்துக்கு இழுத்து வாயைத் திறக்கச் சொன்னோம். மேல் முன்பற்களின் நுனி ரம்பத்தால் அறுத்ததுபோல் தட்டையாக இருந்தது. பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிபோல் ஒரு பளபளப்பு. மேல்பல்லின் தட்டையும் கீழ்ப்பல்லின் தட்டையும் பூட்டும் சாவியும்போல் பொருந்தின. அம்மிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பல்லைக் கொத்தித் தர ஆள் கிடையாது.

வேறு அடையாளங்களும் உண்டு. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த நெளிநெளியான தடம். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு. காலையில் எழுந்ததும் தாடை கனத்துக் கிடப்பது. வாயை அகலத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம். இவற்றில் ஒன்று இருப்பதாலேயே பல் அரைக்கிறீர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய தேய்மானம் இன்றைய அரைப்பைச் சொல்லாது. எலுமிச்சைச் சாறும் பாட்டில் சோடாவும் நிறையக் குடித்தாலும் எனாமல் கரையும். மருத்துவர்கள் பல்லை அச்சு எடுத்தோ படம் எடுத்தோ வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இனி ஆயாவின் பூச்சி வழக்கு. இதைத் தள்ளுபடி செய்ய எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், ஏனென்றால் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இந்த வழக்கு நடக்கிறது. குடற்புழுவுக்கும் பல் அரைப்புக்கும் தொடர்பு உண்டா என்று பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். உறுதியான சாட்சி கிடைக்கவில்லை. வயிற்றில் புழு இல்லாத பிள்ளைகளும் அரைக்கிறார்கள், புழு உள்ள பிள்ளைகள் பலர் சத்தமில்லாமல் தூங்குகிறார்கள். அதற்காகப் பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்துவிடாதீர்கள்! 2015-ல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில், 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குத் தருகிறார்கள். புழு நம் சத்தைத் திருடி ரத்தசோகை வரவைக்கும். மாத்திரை அதற்கு. பல்லுக்கு அல்ல.

ஆயாவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வேப்பங்கொழுந்தைப் பற்றி மறுபடி ஏதோ முணுமுணுத்தார்.

நான் கேட்ட கேள்வி வேறு. "இவன் குறட்டை விடுவானா?"

பல் அரைக்கும் பிள்ளையின் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ, தொண்டை ஓரத்து டான்சிலோ வீங்கியிருந்தால் தூக்கத்தில் மூச்சு தடுமாறும். தடுமாறும் ஒவ்வொரு முறையும் மூளை மேலே எட்டிப் பார்க்கும். குபுக், நறநற. வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு, குறட்டையோடு தூங்குகிற பிள்ளையைப் பல் மருத்துவரிடம் மட்டும் காட்டினால் போதாது. காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்க்க வேண்டும். அந்தச் சதையை எடுத்த பிறகு பல் அரைப்பும் குறைந்துபோன பிள்ளைகள் பலர்.

சின்னவன் குறட்டை விடுவதில்லை. ஆனால் சாயங்காலம் ஆயா கையால் ஒரு முழு டம்ளர் டீ. ராத்திரி பத்தரை வரை போன். படுக்கை கூடத்தில். நள்ளிரவில் கேட், விளக்கு, தட்டு. கோபத்தில் அரைக்காவிட்டாலும், மனசு பதற்றமாக இருக்கும் நாட்களில் அரைப்பு கூடலாம் என்பதும் உண்மை. அவன் பள்ளி மாறி அப்போது இரண்டே மாதம்.

மாப்பிள்ளை ஷிப்டை மாற்ற முடியாது. பாயை மாற்றலாம். உள்ளறைக்கு மாற்றினோம். டீ பாலானது. பள்ளிக் கதையைக் கேட்பது தங்கையின் பொறுப்பு. ராத்திரியில் சத்தம் கேட்டால் அவனைத் தட்டி எழுப்பவோ திட்டவோ கூடாது என்று ஆயாவிடம் சத்தியம் வாங்கினோம்.

பல் மருத்துவரும் அவ்வளவுதான் சொன்னார். நல்ல பொறுமைசாலி. சின்னவன் கையிலேயே கண்ணாடியைக் கொடுத்து அவன் பல்லை அவனுக்கே காட்டினார். பிள்ளைகளில் நிறையப் பேர் பல் அரைப்பார்கள், வளர வளரப் பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும் என்றார். பெரியவர்களானால் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் மிஞ்சுவார்கள். இவன் முன்பற்கள் பால்பற்கள், எப்படியும் விழப்போகிறவை. அவர் கவலைப்பட்டது வேறொரு பல்லைப் பற்றி. ஆறு வயது வாக்கில் பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, சந்தடியில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அதுவும் பால்பல்தான் என்று பல வீடுகளில் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது நிலையான பல். மாப்பிள்ளை சொன்ன வாரண்டி அதற்குத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அதைக் காட்டச் சொன்னார்.

"நைட் கார்டுன்னு ஒண்ணு மாட்டுவாங்களாமே டாக்டர்?" என்று தங்கை கேட்டாள்.

பெரியவர்களுக்குச் செய்வதுண்டு. பல்லை அச்சு எடுத்து, அக்ரிலிக்கில் ஒரு தகடு வார்த்து, தூங்கப் போகும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். அது அரைப்பை நிறுத்தாது. மாப்பிள்ளை டக்கென்று பிடித்துக்கொண்டார்: "புஷ் மாதிரி!" மெஷினில் விலை உயர்ந்த ஷாஃப்ட் தேயாமல் இருக்க, மலிவான புஷ் ஒன்றைப் போட்டு அதைத் தேயவிடுவார்கள்; தேய்ந்ததும் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடுவார்கள். இதுவும் அதே வேலைதான். வளரும் பிள்ளைக்கு மாதத்துக்கு மாதம் தாடை மாறுகிறது, பல் விழுகிறது, முளைக்கிறது. இறுகப் பிடிக்கும் தகடு அந்த வளர்ச்சிக்கே தடையாகலாம். அதனால் அவசியம் இருந்தால் ஒழியக் கொடுப்பதில்லை. பால் கடைவாய்ப் பல் மிகவும் தேய்ந்துவிட்டால் எஃகுத் தொப்பி ஒன்று போடுவார்கள். சில மாத்திரைகளாலும் பல் அரைப்பு வரும் என்பதால் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறான் என்றும் அவர் கேட்டுக்கொண்டார்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகளின் பல்லுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சத்தம் சில நாள் கேட்டதாம், பல நாள் கேட்கவில்லையாம். டீயை நிறுத்தியதாலா, பாயை மாற்றியதாலா, பள்ளி பழகியதாலா, வெறுமனே அவன் வளர்ந்ததாலா? ஒரே ஒரு பையனை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. டீயையும் பாயையும் ஒரே வாரத்தில் மாற்றியது எங்கள் தப்பு. ஒன்றொன்றாக மாற்றியிருக்க வேண்டும் என்று பெரியவள் என்னைக் கண்டித்தாள். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகம் படிக்கிறவளிடம் வாதாட முடியுமா?

போன மாதம் சின்னவனின் மேல் முன்பல் ஒன்று விழுந்தது. ஆயா அதைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியச் சொன்னார். அடுக்குமாடி வீட்டில் சாணத்துக்கு எங்கே போவது? அதற்குள் சின்னவன் பல்லைக் கழுவி, ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா முன்னால் நீட்டினான். மாப்பிள்ளை பையிலிருந்து வெர்னியரை எடுத்து நுனியிலிருந்து அடி வரை பிடித்தார். ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தட்டையான முனையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸா, ரிஜெக்டாப்பா?"

"இது கஸ்டமர் யூஸ் பண்ணி முடிச்ச பீஸ்டா. இதையெல்லாம் நாங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கே எடுக்க மாட்டோம்."

வாசலில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.